ஷட்டரை இடித்தவள்

புயல் சாயங்காலம்தான் கரையேறும் என்று சொல்லியிருந்தார்கள். காலை பத்து மணிக்கே வந்துவிட்டது.

அவள் அப்போது காகிதக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தாள். நெஞ்சுயரமும் அறுநூறு கிலோ எடையுமாக நிற்கும் காகித ரோல்களை, வண்டியின் இரண்டு இரும்புக் கைகளால் இடுப்பில் கட்டிப்பிடித்துத் தூக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு அடுக்கு நிறுத்துகிற வேலை. ஒன்பது வருஷமாகப் பார்க்கிறாள். கிடங்கில் எல்லோருக்கும் அவள் ‘டிரைவரம்மா’. வீட்டில் மாமனார் இன்னும் சுருக்கி ‘டிரைவர்’ என்பார். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போன மனிதர். “இந்த வீட்ல எனக்கு ஒரே வேலை, படுத்துக் கிடக்கிறது. அதையாவது ஒழுங்காப் பண்றேனான்னு டிரைவரக் கேளுங்க” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அன்று கிடங்கில் மூன்று பேர்தான். அவள், மேனேஜர், லோடுமேன். லோடுமேனுக்கு ‘மலை’ என்று பட்டப்பெயர். ஆள் அப்படி. மற்றவர்கள் புயலுக்குப் பயந்து வரவில்லை. தண்ணீர் உள்ளே வந்தால் தரையில் இருக்கும் சரக்கு வீணாகிவிடும், ரெண்டு மணி நேரம் வந்து மேலே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று மேனேஜர் கெஞ்சியதால் இவர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

பத்தரைக்கு அவள் புருஷன் போன் செய்தான். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவன். வீடு கால்வாய் ஓரம்.

“தண்ணி வாசப்படி ஏறிடுச்சு. அப்பாவத் தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிடலாமான்னு பாக்குறேன்.”

“பாத்துட்டு நிக்காதீங்க. கிளம்புங்க. பாப்பாவ உங்க சட்டைய இறுக்கிப் புடிச்சுக்கச் சொல்லுங்க.”

பின்னாலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. “டிரைவர்! என்னப் பத்திக் கவலப்படாத. நான் மெதப்பேன். மண்ட காலிதான!”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் லைன் அறுந்தது. அப்புறம் எத்தனை முறை அடித்தும் போகவில்லை.

“நான் வீட்டுக்குப் போறேன்” என்று ஷட்டர் பக்கம் ஓடினாள். இடுப்பளவுக்குத் தூக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தவளைக் காற்று ஒரே தள்ளாகத் தள்ளி, கிடங்கின் சுவரோடு சேர்த்து அறைந்தது. வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. எதிர் வரிசை வீடுகளிலிருந்து பிய்ந்து வந்த தகரம் ஒன்று, அவள் தலைக்கு ஒரு முழம் மேலே சுவரில் மோதி, செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனது. சாலை என்று ஒன்று இல்லை. அந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு ஆறு ஓடியது. அதில் ஒரு கார் குப்புறப் புரண்டுகொண்டே போயிற்று.

மலைதான் அவள் காலைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

“விடுங்கண்ணே! என் பொண்ணு இருக்கா!”

“எனக்கும்தான் வீட்ல ஆளு இருக்கு. செத்துப் போயி யாரப் பாக்கப் போற தங்கச்சி?”

ஷட்டரைக் கீழே இறக்கினார்கள். சற்று நேரத்தில் காற்று அதை உள்பக்கமாகக் குத்திக் குத்தி வளைத்தது. ஷட்டர் ஏறி இறங்கும் தண்டவாளத்தில் அதன் தகட்டுப் பட்டைகள் சிக்கிக்கொண்டன. சங்கிலியை மலை தொங்கி இழுத்துப் பார்த்தார். மேலும் போகவில்லை, கீழும் போகவில்லை.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. மூன்று பேரும் இரும்புப் படியேறி, பரண் மாதிரி உயரத்தில் இருந்த ஆபீஸ் அறையில் உட்கார்ந்தார்கள். கரண்ட் இல்லை. கூரைத் தகடுகள் ஆயிரம் பேர் ஏறி மிதிப்பது போல அலறின. தண்ணீர் ஷட்டரின் அடியில் கசிந்து வந்து, கணுக்கால் அளவாகி, முழங்காலைத் தொட்டது. கீழ் அடுக்கு ரோல்கள் தண்ணீரைக் குடித்து வீங்குவதை அவள் பார்த்தாள். நேராக நின்றவை வயிறு தள்ளி நின்றன. அவள் மனம் அங்கே இல்லை. இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். மாமனார் எழுபது கிலோ. புருஷனோ ஊசி மாதிரி இருப்பான். போயிருப்பார்கள். இதையே அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணி இருக்கும். ஷட்டரை யாரோ அடித்தார்கள். பிறகு பல பேர் அடித்தார்கள்.

ஆபீஸின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஷட்டருக்கு வெளியே, லாரிகள் வந்து நிற்கும் மேடை தெரியும். எதிர் வரிசை வீடுகளிலிருந்து நாற்பது பேருக்குமேல் அதில் ஏறி நின்றார்கள். மேடைக்குமேல் இடுப்பளவு தண்ணீர். ஒரு பெண் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“திறங்க! உயிரு போகுது, திறங்க!”

“ஷட்டர் சிக்கிக்கிச்சு சார். இடிச்சாத்தான் வரும். வண்டிய எடுக்கிறேன்” என்று அவள் எழுந்தாள்.

“உக்காரும்மா” என்றார் மேனேஜர். “ஷட்டர் போச்சுன்னா காத்து உள்ள பூந்து கூரையத் தூக்கிரும். முன்ன வேல பாத்த எடத்துல கண்ணால பாத்திருக்கேன். அப்புறம் அவங்களும் இல்ல, நாமளும் இல்ல.”

அவர் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரிந்தது. மறுபடி ஜன்னலைப் பார்த்தாள். மேடையின் ஓரத்தில் நின்ற ஒரு கிழவர் அப்போது கால் தவறினார். பக்கத்தில் நின்றவன் கையை நீட்டினான். இரண்டு பேரையுமே காணவில்லை. கத்தக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து வாசலிலும் எவனோ ஒருத்தன் கதவுக்கு உள்ளே நின்று, திறக்கலாமா வேண்டாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் படியிறங்கி ஓடினாள். மேனேஜர் பின்னாலேயே பாய்ந்து வந்து வண்டிச் சாவியைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார். அவள் அவர் மணிக்கட்டைக் கடித்தாள். பல் உள்ளே இறங்குகிற வரைக்கும் கடித்தாள். அவர் ஊளையிட்டுக்கொண்டு மறுகையால் அவள் காதோடு சேர்த்து அறைந்தார். அவள் விடவில்லை. மலை இறங்கி வந்து மேனேஜரின் சட்டைக் காலரைப் பிடித்து, ஒரு மூட்டையை நகர்த்துவது போலத் தூக்கிப் படிமேல் உட்காரவைத்தார்.

“சார், நீங்க படிச்சவங்க, நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா கேட்டுக்கிட்டு உக்கார முடியல.”

சாவி தண்ணீரில் விழுந்திருந்தது. மலை துழாவி எடுத்துக் கொடுத்தார். பிறகு ஷட்டரின் ஓரத்தில் விரிசல் விட்டிருந்த இடத்தில் வாயை வைத்து, “சைடுக்குப் போங்க! இடிக்கப் போறோம்! சுவரோரமாப் போங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

டீசல் வண்டி. இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை பிடித்தது. அவள் பின்னால் போய், இரும்புக் கைகளை நெஞ்சுயரத்துக்குத் தூக்கி, வந்த வேகத்தில் மோதினாள். ஷட்டர் குழிந்தது. அவள் நெற்றி வண்டியின் கம்பியில் இடித்துப் பிளந்தது. திரும்பவும் பின்னால் போனாள். மோதினாள். ரத்தம் கண்ணை மறைத்தது. மூன்றாவது மோதலில் பட்டைகள் தண்டவாளத்தைவிட்டுப் பிய்ந்தன. அடுத்த நொடி ஆறு உள்ளே வந்தது.

தண்ணீரோடு ஆட்கள், ஒரு ஸ்கூட்டர், ஒரு செத்த மாடு, கதவுப் பலகைகள் எல்லாம் ஒன்றாக உருண்டு வந்தன. விழுந்தவர்களை மிதித்துக்கொண்டு படியை நோக்கிப் பாய்ந்தார்கள். ஒருவர்பின் ஒருவராகத்தான் ஏற முடிகிற குறுகலான படி. ஒருவன் முன்னால் ஏறிய பெண்ணின் கூந்தலைப் பிடித்துக் கீழே இழுத்துப்போட்டுவிட்டு ஏறினான். மலை அவன் கன்னத்தில் விட்ட அறையில் அவன் இரண்டு படி சறுக்கினான்.

“பசங்க முதல்ல! புள்ளைங்கள எங்கிட்டக் குடுங்க!”

படிக்கட்டுக்கும் முதல் வரிசை ரோல்களுக்கும் நடுவே, வயிறளவு தண்ணீரில் காலை அகட்டி நின்றார் மலை. குழந்தைகளை ஒவ்வொன்றாக வாங்கி மேலே நீட்டினார். மேலே நின்று வாங்கியவர் மேனேஜர்தான். அவர் கையிலிருந்து வழிந்த ரத்தம் குழந்தைகளின் சட்டைகளில் ஒட்டியது.

அப்போதுதான் கூரை போயிற்று. ஓரத்தில் ஒரு தகடு மடங்கியது. அதன் பக்கத்துத் தகடு, அதற்கடுத்தது என்று வரிசையாக உரிந்து, தலைக்குமேல் திடீரென்று வானம் வந்தது. மழை கல்லெறிவது போல இறங்கியது. வீங்கிப்போயிருந்த அடி ரோல் ஒன்று நசுங்கியது. அதன்மேல் நின்ற மூன்றும் சாய்ந்தன.

வண்டியில் உட்கார்ந்திருந்த அவள் அதைப் பார்த்தாள். ஹாரனை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. “அண்ணே! பின்னாடி!” என்று கத்தினாள்.

மலை திரும்பிப் பார்த்தார். கையில் ஒரு குழந்தை இருந்தது. தப்பி ஓட அவருக்கு நேரம் இருந்திருக்கும், கை காலியாக இருந்திருந்தால். குழந்தையை மேலே வீசினார். மேனேஜர் தாவிப் பிடித்தார். மலைமேல் ரோல் விழுந்தது. அதன்மேல் இன்னொன்று.

அவள் வண்டியை முடுக்கினாள். எஞ்சினுக்குள் தண்ணீர் போய் அது செத்திருந்தது. இறங்கி நீந்திப் போய் ரோலைக் கையால் தள்ளினாள். பத்துப் பேர் வந்து தள்ளினார்கள். அறுநூறு கிலோ, தண்ணீர் குடித்து இன்னும் எவ்வளவோ. தண்ணீருக்கு அடியில் அவர் கை கிடைத்தது. அது அவள் விரல்களை இறுக்கியது. கொஞ்ச நேரம் இறுக்கியபடி இருந்தது. பிறகு விட்டுவிட்டது.

சாயங்காலம் காற்று ஓய்ந்தது. மறுநாள் காலையில்தான் படகு வந்தது. ஆபீஸிலும் படியிலுமாக ஒருவர்மேல் ஒருவர் நெருக்கி நின்று நாற்பத்தொரு பேர் பிழைத்திருந்தார்கள். படகில் ஏறும்போது மேனேஜர் அவள் பக்கத்தில் வந்தார். மணிக்கட்டில் கர்ச்சீப் கட்டியிருந்தார்.

“ஷட்டர் காத்துல பேந்துருச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிடுறேன். நீ இடிச்சது யாருக்கும் தெரிய வேண்டாம்.”

அவள் படகில் ஏறி உட்கார்ந்தாள்.

இறங்கி வீட்டுப் பக்கம் போனாள். கழுத்தளவு உயரத்தில் சுவரில் சேற்றுக் கோடு. தையல் மெஷின் தெருவில் தலைகீழாகக் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. முழங்கால் சேற்றில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

மகள்தான் முதலில் பார்த்தாள். ஓடிவந்து வயிற்றில் முட்டிக்கொண்டாள். புருஷன் வராந்தாத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

“தாத்தா எங்கடி?”

“அப்பா முதுகுல தூக்கிட்டு வந்தாரும்மா. நான் சட்டையப் புடிச்சுக்கிட்டேன். ஒரு மதில் இடிஞ்சு விழுந்துச்சு, எல்லாரும் விழுந்துட்டோம். அப்பா ஒரு கையில கம்பியப் புடிச்சுக்கிட்டாரு. நான் சட்டையிலயே தொங்குனேன். தாத்தா இன்னொரு கையில இருந்தாரு. ரொம்ப நேரம் இருந்தாரு.”

“கைதான் விட்டுச்சு” என்றான் அவன். “நான் விடல. கைதான் விட்டுச்சு.”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். உரிந்த உள்ளங்கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு நாள் முழுக்க எங்கேயோ அடைபட்டிருந்தது, இருமல் மாதிரி வெடித்து வெடித்து வந்தது. நடுவே கிடங்கில் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

கடைசி வகுப்பறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கிடங்குப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொருவரையும் காலையிலிருந்து நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தவள்.

“டிரைவரம்மாதான நீங்க? எங்க வீட்டுக்காரரு உங்களப் பத்திப் பேசுவாரு. அவரு பின்னால வர்றாரா?”

காற்றுமேல் பழியைப் போட்டுவிடலாம். மேனேஜரும் எழுதிவிடுவார். ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“ஷட்டர நான்தான் இடிச்சேன். கூரை போயிடும்னு சொன்னாங்க. தெரிஞ்சுதான் இடிச்சேன். கூரை போயி, ரோல் அவரு மேல விழுந்துருச்சு. அண்ணன் இல்ல.”

அந்தப் பெண் இவள் தலைமுடியைப் பற்றித் தூணோடு மோதினாள். நெற்றிக் காயம் திறந்துகொண்டது. முகத்தில், தோளில், நெஞ்சில் அறைந்தாள். “உன் புள்ள இருக்குல்ல! உன் புருஷன் இருக்கான்ல!” என்று கேட்டுக் கேட்டு அறைந்தாள். புருஷன் பதறி எழுந்தான்.

“விடுங்க. யாரும் வராதீங்க” என்றாள் அவள்.

கை ஓய்கிற வரைக்கும் அடித்துவிட்டு அந்தப் பெண் தரையில் உட்கார்ந்தாள். நெடுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“எங்க இருக்காரு? காட்டு.”

இருவரும் வடிந்துகொண்டிருந்த தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். பாதித் தூரம் போனபிறகு அந்தப் பெண் கேட்டாள்: “நேத்துக் காலைல அவரு சாப்பிட்டாரா? நான் கட்டிக் குடுத்தத?”

“சாப்பிட்டாரு. எனக்கும் குடுத்தாரு.”

ஒரு பள்ளம் வந்தது. அந்தப் பெண் தடுமாறினாள். அவள் கையை நீட்டினாள். அந்தப் பெண் அதைத் தட்டிவிட்டாள். இரண்டு எட்டு வைத்தபின் மறுபடி தடுமாறி, இந்த முறை பிடித்துக்கொண்டாள்.