வலது பக்கத்துச் சிவப்பு பட்டன்

தலைமை அலுவலகத்திலிருந்து எங்கள் தொழிற்சாலைக்கு வருகிற இணைய இணைப்பு நோஞ்சான். ஒரே பாதுகாப்பு வீடியோவை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆளாளுக்கு இழுத்தால் எல்லாம் படுத்துவிடும். அரைத்த மாவையே எதற்கு அரைப்பது என்று நடுவில் ஒரு சர்வர் வைத்தேன். முதலில் கேட்பவனுக்கு தலைமை அலுவலகத்திலிருந்து வரும். மற்றவர்களுக்கு சர்வரில் தங்கிய நகல் போகும். நெட்வொர்க் ஆசாமியான எனக்கு இதுதான் சோறு.

அந்த வீடியோவில் பேசுவது என் மனைவி. இங்கேதான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, மரத்துப்போயிருந்தேன். மாப்பிள்ளை கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காரே என்று மாமியார்கூடச் சொன்னார்.

பிறகு தலைமை அலுவலகம் வேறொரு பெண்ணை வைத்துப் புதிய வீடியோ போட்டது. சர்வரில் இருந்த பழைய நகலின் கெடு முடிகிறபோதெல்லாம் நான் அதை நீட்டிவிட்டேன். அதனால் இங்கே எல்லாருக்கும் அவள் வீடியோவே ஓடியது. என் செல்போனிலும் அவள் வீடியோ இருக்கிறது, திறக்க முடியவில்லை. ஆனால் காலையில் சுவருக்கு அப்பால் பயிற்சி அறையிலிருந்து அவள் குரல் தானாக வரும். "ஆபத்துன்னா வலது பக்கம் சிவப்பு பட்டன். யோசிக்காம அமுக்குங்க, அழகுக்கா வெச்சிருக்கு?" அதைக் கேட்டபின் டீ குடிப்பேன். மற்றபடி நாள் என்று ஒன்று இல்லை.

இதற்கிடையே வெட்டும் மெஷின்களை மாற்றினார்கள். புதியதில் பட்டன் இடது பக்கம். புது வீடியோ போட்டதே அதற்காகத்தான். நான்தான் அதைப் பார்க்கவே இல்லையே. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

புதிதாகச் சேர்ந்த ஆபரேட்டரின் கையுறை மெஷினில் சிக்கியது. அவன் வலது பக்கத்தையே தடவிக்கொண்டிருந்திருக்கிறான். பக்கத்து ஆள் ஓடிவந்து நிறுத்தியதில் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, இரண்டு விரலில் தையல். சூப்பர்வைசர் அவனைக் காய்ச்சி எடுத்தார். அவன் திருப்பிச் சொன்னது ஒன்றுதான்.

"அக்கா வலது பக்கம்னுதானே சொன்னாங்க?"

அவள் இருந்திருந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

அன்றே நகலை அழித்தேன். சரியாக வருகிறதா என்று பார்க்க நானே முதலில் கேட்டேன். புது வீடியோ திக்கித் திணறி வந்து சேர்ந்தது. அந்தப் பெண் இடது பக்கம் என்றாள். நன்றாகத்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் அந்த ஆபரேட்டர் கட்டுப் போட்ட கையோடு என் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரத் தயங்கினான்.

"அண்ணே, வீடியோல அக்காவ எடுத்துட்டாங்களே. தப்பா சொன்னாங்கன்னு வேலைய விட்டே தூக்கிட்டாங்களா? என்னால அவங்களுக்குப் பிரச்சினை வேணாம்ணே."

டீயைக் கீழே வைத்தேன்.

"அவ மேல தப்பில்லப்பா, தப்பு என்னோடது" என்றேன். "அவ என் பொண்டாட்டி. செத்துட்டா."

அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்தது, நிற்கவில்லை. அவன் கட்டுப் போட்ட கையாலேயே எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.