ஜன்னல் வழியே வீசிய பிஸ்கட்

அந்தமானுக்குக் குடிபோய் இரண்டு வருஷம் ஆன பிறகுதான் ஜெயக்குமாருக்குச் சேர்ந்தாற்போல் பத்து நாள் லீவு கிடைத்தது. போர்ட் பிளேரில் குவார்ட்டர்ஸ் கட்டும் ஒரு கான்ட்ராக்டரிடம் அவன் சைட் சூப்பர்வைசர். மனைவி சுகாசினியையும் ஒன்பது வயது மகள் துளசியையும் கூட்டிக்கொண்டு மே மாதம் காஞ்சிபுரம் வந்தான். பெரிய காஞ்சிபுரத்தில் அவன் அண்ணன் ராமராஜன் புதிதாகக் கட்டிய வீட்டில்தான் தங்கினார்கள். அம்மா பட்டம்மாளும் அங்கேதான் இருந்தாள்.

"அங்க இன்னா குறைச்சல், கடலு, தென்னமரம், எப்பப் பாத்தாலும் டூர் வந்த மாதிரி இருக்கும்" என்று வந்தவர்கள் எல்லாரும் சுகாசினியிடம் சொன்னார்கள். அவள் தலையை ஆட்டி வைத்தாள். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை, துணி காய்வதே இல்லை, பீரோவில் வைத்த கூரைப்புடவையின் சரிகை ஓரமாகச் சாம்பல் நிறத்தில் பூசணம் பிடித்துவிட்டது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. நத்தையைப் பற்றியும் சொல்லவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு நத்தை. மழை விட்டதும் சமையல்கட்டுச் சுவரில் ஏறும். காலையில் எழுந்து பார்த்தால் உப்பு டப்பா மேல், தோசைக்கல் மேல், துளசியின் டிபன் பாக்ஸ் மூடி மேல் பளபளவென்று கோடு போட்டிருக்கும். முதல் மாதம் அவள் குமட்டிக் குமட்டிச் சமைத்தாள். அப்புறம் துடைத்துவிட்டுச் சமைக்கப் பழகிக்கொண்டாள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வெளியே போய்விடுவார்கள். "வூட்ல இருந்தா நத்தைய எண்ணிக்கினு இருப்ப, கெளம்பு" என்பான் ஜெயக்குமார். பீச்சுக்குப் போனார்கள். அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறிப் பவளப்பாறையைப் பார்த்தார்கள். தீவு தீவாகப் போய் இளநீர் குடித்தார்கள். உண்மையிலேயே அவளுக்கு அதெல்லாம் பிடித்திருந்தது. போகிற இடத்திலெல்லாம் செல்போனில் வீடியோ எடுப்பது அவள் வேலை. ஜெயக்குமார் அதைக் குடும்ப குரூப்பில் போடுவான். இறந்துபோன அவன் அப்பா வீராசாமி பேரில் இருக்கும் குரூப் அது. நாற்பத்தாறு பேர்.

பிப்ரவரியில் இன்னும் இரண்டு குடும்பத்தோடு சேர்ந்து வேன் பிடித்து ஒரு குகையைப் பார்க்கப் போனார்கள். போகும் வழியில் ஆதிவாசிகள் இருக்கும் காடு. வண்டிகளை வரிசையாகச் சேர்த்து, முன்னாலும் பின்னாலும் போலீஸ் வைத்துத்தான் விடுவார்கள். நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது என்று செக்போஸ்டில் பெரிய போர்டு. அந்தப் பயணத்தில் சுகாசினி மனசில் நின்றது குகையும், வேர் தொங்கும் மரங்களுக்கு நடுவே படகில் போனதும்தான். வழியில் ஜெயக்குமார் ஒரு குழந்தைக்குப் பிஸ்கட் போட்டதும் ஞாபகம் இருந்தது. தான் வேண்டாம் என்று சொன்னதாகவும், அவன் கேட்கவில்லை என்றும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காஞ்சிபுரம் வந்த நாலாம் நாள் ஞாயிறு. ராமராஜனின் மனைவி நதியா சிக்கன் பிரியாணி செய்திருந்தாள். ஹாலில் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். எச்சில் தட்டுகளை எடுப்பதற்குள்ளேயே ராமராஜன் சொன்னான், "டேய், டிவி வாங்கி ஆறு மாசம் ஆவுது. உன் போன அதுல கனெக்ட் பண்ணு. தீவ நாங்களும் பெருசா பாக்கறோம்."

ஜெயக்குமார் ஒவ்வொன்றாகப் போட்டான். கடல் வந்தது, படகு வந்தது, துளசி மணலில் உட்கார்ந்திருந்தாள். "கலரு இன்னாமா இருக்குது பாரு" என்று நதியா எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"இப்ப ஒண்ணு போடறேன் பாருங்க. இத குரூப்ல கூடப் போடல. ஸ்பெஷலு" என்றான் ஜெயக்குமார்.

டிவியில் வேன் ஜன்னல் தெரிந்தது. வெளியே ஈரமான ரோடு, பச்சைக் காடு. ரோட்டோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். பக்கத்தில் துளசி உயரத்தில் ஒரு சிறுமி, இடுப்பில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். வேன் நடக்கிற வேகத்துக்குக் குறைந்தது. ஜெயக்குமாரின் கை பிஸ்கட் பாக்கெட்டோடு ஜன்னலுக்கு வெளியே நீண்டது. சிறுமி கிட்டே வந்தாள். கை உள்ளே போய்விட்டது. அவள் நின்றாள். கை மறுபடி நீண்டது. அவள் வேனோடு சேர்ந்து ஓட ஆரம்பித்தாள். விரல் படுகிற தூரம் வரும்போதெல்லாம் கை பின்னுக்குப் போனது.

போனைப் பிடித்திருந்தவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். மூச்சு வாங்குகிற சிரிப்பு. "இன்னும் கொஞ்சம் ஓட வுடுங்க, நல்லா வருது" என்றாள் அவள்.

அது சுகாசினியின் குரல்.

கடைசியில் பாக்கெட் பறந்துபோய் ஓரத்துச் சேற்றில் விழுந்து பிரிந்தது. சிறுமி குனிந்தாள். வேன் வேகம் எடுத்தது. அதோடு வீடியோ நின்றது.

ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். ராமராஜன் தொடையில் தட்டிக்கொண்டு, "இன்னா ஸ்பீடு பாத்தியா, ஒலிம்பிக்ல வுடலாம். இன்னொரு வாட்டி போடு" என்றான். இன்னொரு வாட்டி ஓடியது. மறுபடி அந்தக் கை, மறுபடி அந்தச் சிரிப்பு.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பட்டம்மாள் கேட்டாள், "ஏம்பா, கைல குடுக்காம ஏன் தூக்கிப் போட்ற?"

"அதுங்களுக்கு அப்படித்தாம்மா" என்றான் ஜெயக்குமார்.

கூரம் கிராமத்துப் பக்கம் நடவுக்குப் போன காலத்தில், பாத்திரம் படக்கூடாதென்று நிலத்துக்காரர்கள் உயரத்திலிருந்து ஊற்றிய கூழை இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தவள் பட்டம்மாள். சுகாசினி இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த புதிதில் அவளிடம் ஒரே ஒரு தடவை அதைச் சொல்லியிருக்கிறாள். மகன்களுக்கும் தெரியும்.

சுகாசினி தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்து பின்பக்கத்து வாஷ்பேசினுக்குப் போனாள். வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். பேசின் ஓட்டையில் யாரோ கை கழுவிய சோறும் மசாலாவும் அடைத்துக்கொண்டு எண்ணெய் மிதந்தது. ஹாலில் மூன்றாம் தடவை அவள் சிரிப்பு கேட்டது. குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். அப்படியும் கேட்டது. தன் குரல் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

திரும்பி வந்தபோது ராமராஜன், "குரூப்ல போட்றா, எல்லாரும் பாக்கட்டும்" என்று சொல்லி முடித்திருந்தான். ஹாலில் இருந்த போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக டிங் டிங் என்றன.

"அத அழிச்சிடுங்க" என்றாள் சுகாசினி.

ஜெயக்குமார் நிமிர்ந்து பார்த்தான். "இன்னாத்துக்கு?"

"தப்புங்க அது. கொழந்தைங்க அது. நம்ம துளசி மாதிரி."

"அய்ய, காட்டு சனம்மா அதுங்க" என்றாள் நதியா. "பிஸ்கட் கெடைக்குதுன்னு சந்தோசமாத்தான் ஓடுது. நீ வேற."

"அக்கா, சந்தோசமா ஓடல. நாங்க ஓட வச்சோம்."

"நீதான ஓட வுடச் சொன்ன?" என்று ராமராஜன் கேட்டான். குத்திக்காட்டுவதற்காக அல்ல, வேடிக்கையாகத்தான் கேட்டான். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். போன்கள் விடாமல் டிங் என்றுகொண்டிருந்தன. குரூப்பில் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. செங்கல்பட்டிலிருந்து சித்தி மகன் குமாரசாமி, 'அண்ணா இத ஸ்டேட்டஸ் வச்சிக்கவா' என்று கேட்டிருந்தான்.

தட்டில் காய்ந்துகொண்டிருந்த எலும்புகள் மேல் ஈ மொய்த்தது. அவர்கள் வாய்கள் எண்ணெய்ப் பசையோடு திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. தன் வாயும் அப்படித்தான் திறந்திருந்திருக்கும் என்று நினைத்தபோது உடம்பு கூசியது.

"மாமா" என்று ராமராஜனைக் கூப்பிட்டாள். "அந்த ரோட்ல வீடியோ எடுத்தா கேஸு. ஜெயிலு. போர்டே வச்சிருக்காங்க. அனுப்பினவங்க, ஸ்டேட்டஸ் வச்சவங்க, எல்லாரையும் புடிப்பாங்க."

அவ்வளவுதான். ராமராஜனின் சிரிப்பு நின்றது. "டேய், இத ஏன்டா மொதல்லயே சொல்லல?"

"போர்டு இருந்துச்சு" என்றான் ஜெயக்குமார். "கான்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா வேல போயிடும்." அவசரமாகக் குரூப்பிலிருந்தும் தன் போனிலிருந்தும் அழித்தான். நதியா தன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்கு டவுன்லோடு ஆயிடுச்சே, இத எங்க போய் அழிக்கிறது, காட்டுங்கப்பா" என்றாள். ராமராஜன் குமாரசாமிக்கு போன் போட்டு, "தம்பி, உடனே எடுத்துடு, சைபர் கிரைம்ல வந்துடப் போறாங்க" என்று கத்தினான். பத்து நிமிஷத்தில், அவர்களுக்குத் தெரிந்த வரை, அந்த வீடியோ எங்கேயும் இல்லை. டிவியை அணைத்தார்கள். நதியா தட்டுகளை எடுத்தாள்.

அழிந்துவிட்டது என்று சுகாசினிக்கு நிம்மதி வரவில்லை. குழந்தை என்று சொன்னபோது ஒரு விரலும் அசையவில்லை. ஜெயில் என்றதும் பத்து விரலும் அசைந்தன. அவளும் அந்தப் பயத்தைத்தான் எடுத்து நீட்ட வேண்டியிருந்தது.

சாயங்காலம் துளசியைக் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ஏகாம்பரநாதர் கோவில் பக்கம் போனார்கள். துளசி முன்னால் ஓடிப்போய் பலூன்காரனிடம் நின்றாள். ஜெயக்குமார் மெதுவாகச் சொன்னான், "நல்ல வேள, நீ சொன்ன. இல்லன்னா வம்பாயிருக்கும்."

"நான் கேஸுக்காகச் சொல்லல."

"பின்ன?"

"என் சிரிப்ப என்னால கேக்க முடியல."

"எல்லாருந்தான் சிரிச்சோம். வேன்ல இருந்த பத்து பேரும் சிரிச்சாங்க. அதுக்குப் போயி..."

"பத்து பேரு ஓட வுடச் சொல்லல. நான்தான் சொன்னேன். நான் வேணாம்னு சொன்னதா இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேங்க. உங்க மேல பழியப் போட்டு வச்சிருந்தேன்."

ஜெயக்குமார் துளசி நிற்கிற பக்கம் பார்த்தான். பிறகு, "தெரிஞ்சா பண்ணோம்? ஒரு ஜாலில பண்ணிட்டோம்" என்றான்.

"தெரிஞ்சிதான் பண்ணோம். செக்போஸ்ட்ல பிஸ்கட்ட சீட்டுக்கு அடியில தள்ளி வச்சது நீங்க. வூட்ல இருந்து என் பையில போட்டு எடுத்துக்கினு வந்தது நான்."

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை. அவன் கை பட்டபோது விலகி நடந்தாள். அந்தக் கையைத்தான் அன்றைக்கு டிவியில் மூன்று தடவை பார்த்திருந்தாள். விலகிய பிறகு, அவனை மட்டும் அருவருப்பதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. ஆனாலும் கையைக் கொடுக்கவில்லை.

லீவு முடிந்து அந்தமான் திரும்பினார்கள். மழை தொடங்கிவிட்டிருந்தது. வீட்டைத் திறந்ததும் பூசண வாடை முகத்தில் அடித்தது. சுவரெல்லாம் நத்தைக் கோடு. இரண்டு நாள் அவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

ஜூலையில் ஆபீஸ் நண்பர்கள் ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு அதே காட்டு வழியாகக் குகைக்குப் போகத் திட்டம் போட்டார்கள். ஜெயக்குமாரையும் கூப்பிட்டார்கள். "வூட்ல ஒத்துக்க மாட்டாங்கப்பா" என்று போனில் அவன் சொல்வது அவளுக்குக் கேட்டது. அவன் வேறு மாதிரி சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகாமல் இருந்தானே, அதுவரைக்கும் போதும் என்று விட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துளசி சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள், "ஏம்மா நம்ம இப்பல்லாம் வெளிய போறதே இல்ல? பெரியப்பா வூட்ல சண்ட போட்டல்ல, அதனாலயா?"

சுகாசினி கையைத் துடைத்துக்கொண்டு மகள் எதிரில் உட்கார்ந்தாள். "வேன்ல போனோமே, ஒரு பொண்ணு ஓடி வந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

"ம். நீ சிரிச்ச."

"ஆமா, சிரிச்சேன். அது ரொம்பக் கேவலமான வேல. அம்மாவும் பண்ணேன், அப்பாவும் பண்ணாரு. நீ அத மாதிரி யாருக்கும் பண்ணக் கூடாது."

துளசி பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப அங்க போயி அந்தப் பொண்ணுகிட்ட சாரி சொல்லிட்டு வரலாமா?"

"அங்க நம்ம போவக் கூடாதுமா. நம்ம போனதேதான் தப்பு."

"லெட்டர் போடலாம்."

"அவங்களுக்கு நம்ம பாஷ தெரியாது."

"அப்ப இன்னா பண்றது?"

"ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் சுகாசினி.

துளசிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு, இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அம்மாவையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து கணக்கு எழுத ஆரம்பித்தாள். சுகாசினி எழுந்து போய் உலையில் அரிசியைப் போட்டாள்.