பாசிக்கல்லும் அம்மாவின் செருப்பும்

கொழும்பைவிட மலைமேல் இருக்கும் இறம்பொடையில்தான் புவியீர்ப்பு கூட என்று விஜிதரன் அறிவித்தபோது, அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"நல்லா யோசிச்சுப் பாரு புள்ள. இங்க எல்லாமே கீழதான் போகுது. ஆறு கீழ போகுது. மரக்கறி லொறி கீழ போகுது. படிச்சவனும் கீழதான் போறான். மேல வாறது பஸ் மட்டும்தான், அதுவும் முக்கி முனகிக்கிட்டு. அம்மா விழுந்ததுக்கும் அதுதான் காரணம். படியில பாசிங்கிறதெல்லாம் சும்மா."

அவன் கம்பஸில் பட்டத்துக்குப் படிப்பது வரலாறு. ஆகவே பௌதிகத்தைப் பற்றிப் பேச அவனுக்குப் பயமே கிடையாது.

தங்கச்சி தனுஷிகா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தரம் பத்தில் படிக்கிறவளுக்குத் தலைக்கு மேல் வேலை. தண்ணீர் கொட்டும் பீலியடியில் கிடந்த பாசி பிடித்த தட்டைக் கல்லை லயத்து வீட்டு வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதன்மேல் அம்மாவின் பழைய செருப்பு ஒன்று. செருப்பின்மேல் மணல் நிரப்பிய பால்மா டின். செருப்பின் வாரில் பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கி வந்த, இழுவையை முள்ளால் காட்டும் விற்றராசு. தராசைப் பிடித்து மெல்ல இழுப்பாள். செருப்பு நகரத் தொடங்கும் நொடியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பாள். கூடக் காட்டினால் பிடிமானம் கூட.

அம்மா வீரம்மா தேயிலைக் கொழுந்து மலைக்குப் போகிற படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டவள். பிளாஸ்டர் கழற்றியாகிவிட்டது. நாளைத் திங்கட்கிழமை மறுபடி வேலைக்குப் போகிறாள். அதே படி, அதே பாசி. செருப்பின் அடியில் எதைச் சுற்றிவிட்டால் அம்மா விழமாட்டாள்? தனுஷிகாவுக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். வெறும் செருப்பைப் பார்த்தாயிற்று. தேங்காய்த் தும்புக் கயிறு சுற்றியும் இரண்டு தடவை பார்த்தாயிற்று. மிச்சம் இருந்தது சைக்கிள் திருத்தும் முனாப் நானா கடையில் வாங்கிய பழைய சைக்கிள் டியூப்.

"ஒவ்வொண்ணையும் எதுக்கு மூணு மூணு தடவை இழுக்கிற? செருப்பு என்ன தேரா?"

"ஒரு தடவைன்னா பிழை வரலாம் அண்ணே. அதோட, சுத்துறதை மட்டுந்தான் மாத்தணும். கல்லு, தண்ணி, டின்னு எல்லாம் அப்படியே இருக்கணும்."

"ஒண்ணு மட்டும் மாறி மிச்சமெல்லாம் அப்படியே இருக்குமா? அந்த ஊரு எங்க இருக்கு? விலாசம் குடு, நானும் குடிவாறேன்." பிறகு கிரிக்கெட் வர்ணனையாளன் குரலில், "இதோ, மூன்றாவது தடவையாகச் செருப்பு இழுக்கப்படுகிறது. ரசிகர்கள் எழுந்து நிற்கிறார்கள்!"

எழுந்து நின்றது பக்கத்து வீட்டுக் கோழி மட்டும்தான்.

தனுஷிகா டியூபைச் சுற்றி முடித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போனாள். விஜிதரனுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டைக் கழற்றினான். தேங்காய்க்குப் போட்டியாக வார்த்த பூட்டு. அதை டின்னுக்குள் ஆழமாகப் புதைத்து, மேலே மணலைத் தடவி, ஒன்றுமறியாதவன் போல உட்கார்ந்துகொண்டான்.

பாரம் கூடினால் உராய்வும் கூடும். பூட்டு மூன்று தடவையும் தவறாமல் தன் கடமையைச் செய்தது.

"அண்ணே! தும்பைவிட டியூபுதான் கூட! மூணு தடவையும்!"

இதுதான் நேரம். டின்னைக் கவிழ்த்துக் காட்டிச் சிரிக்க வாயைத் திறந்தான். அதற்குள் கதவடியில் நின்ற அம்மா கேட்டுவிட்டாள்.

"இதைச் சுத்திக்கிட்டா வழுக்காதா பாப்பா?"

"வழுக்காதும்மா. சோதிச்சுப் பார்த்தாச்சு."

"அப்பப் பயமில்ல."

அம்மா வாயிலிருந்து பயம் என்ற சொல் வந்து அவன் கேட்டதே இல்லை. அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிளாஸ்டர் கழற்றியதிலிருந்து அப்படித்தான் நிற்கிறாள் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. தனுஷிகா அம்மாவின் வேலைச் செருப்பை மடியில் வைத்து மீதி டியூபை இறுக்கிச் சுற்றத் தொடங்கினாள். அம்மா ஒரு காலை நீட்டி அளவு பார்த்துச் சிரித்தாள்.

விஜிதரன் வாயை மூடிக்கொண்டான். சாப்பிடும்போது சொல்லலாம் என்றிருந்தான். சாப்பிடும்போது சோறுதான் உள்ளே போனது, சொல் வெளியே வரவில்லை.

"கதவுப் பூட்டு எங்கடா?" என்றாள் அம்மா, படுக்கப்போகும் முன்.

"இங்கதான் எங்கயாச்சும் கெடக்கும்."

பொழுது விடிந்தும் விடியாமல் வாசலுக்கு வந்தான். மணலைக் கிண்டிப் பூட்டை எடுத்து வாசல்படியில் வைத்தான். பூட்டு இல்லாவிட்டால் ஜெயிக்கப்போவது டியூபா தும்பா என்று அவனுக்குத் தெரியாது. வரலாறு படிக்கிறவனுக்கும் அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. அதே கல், அதே பழைய செருப்பு, அதே டின், ஒரு கோப்பைத் தண்ணீர். டியூபோடு மூன்று தடவை இழுத்தான். முள் நேற்றுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. டியூபை அவிழ்த்துத் தும்பைச் சுற்றினான். டியூபுக்கு நின்ற இடத்தைத் தாண்டிப் போனது முள்.

"என்ன பண்ற?"

தனுஷிகா பின்னால் நின்றாள். செருப்பைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள்.

"நேத்து இது உள்ளுக்கா இருந்துச்சு?"

அவன் தலையாட்டினான்.

"அம்மா விழுந்திருந்தா?"

"அதுதான் விடியவே வந்து இழுக்கிறேன். டியூபைவிடத் தும்புதான் கூட." அவள் பூட்டை எட்டத் தள்ளி வைத்தாள். பிறகு பக்கத்தில் குந்தினாள்.

"தண்ணி எவ்வளவு ஊத்தின?"

"ஒரு கோப்பை. நேத்து மாதிரியே."

"வெடுக்குன்னு இழுக்காத. மெல்ல."

மெல்ல இழுத்தான். மறுபடியும் தும்புதான்.

"பெரட்டுக்கு நேரமாச்சு, பேரு பதியணும், என் செருப்பு எங்க?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

"இந்தா வருதும்மா!" தனுஷிகா அம்மாவின் செருப்பிலிருந்த டியூபை அவிழ்த்துவிட்டுத் தும்புக் கயிற்றை இறுக்கிச் சுற்றத் தொடங்கினாள். "ரெண்டு தடவையும் தும்புதானே. போதும், எழும்பு அண்ணே."

"இரு புள்ள," என்றான் விஜிதரன். கோப்பையைப் பீலியில் பிடித்து, விளிம்புவரை சரியாக இருக்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்து, கல்லின்மேல் ஊற்றினான். "இன்னும் ஒண்ணு இருக்கு."