எழுதியவன்

சேவகர்கள் கதவைத் தட்டவில்லை, உதைத்துத் திறந்துகொண்டு வந்தார்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்த கிதியோன், வாயிலிருந்த ரொட்டியை விழுங்க மறந்து நின்றான்.

"பிள்ளை பெத்தவளுக்கு முக்காடு எதுக்குன்னு பிரசுரம் போட்டது நீதானே?" என்றான் சேவகத் தலைவன். "மதுக்கடையில மார் தட்டிக்கிட்டியாமே, என் பேனா என் பேனான்னு!"

கிதியோனின் முகம் வெளுத்துப் போனது.

"அவரு எழுதல. நான்தான் எழுதினேன்," என்றாள் அவன் மனைவி தாமசின்.

சேவகர்கள் சிரித்தார்கள். "புருஷன் மேல எவ்வளவு பாசம் பாரு!"

பாசமெல்லாம் ஒன்றுமில்லை, உண்மை. அச்சுக்கூடம் நடத்தும் கிதியோன் காகிதம் வாங்க வெளியூர் போயிருந்த நான்கு நாட்களில் அவளே எழுதி, அவளே ஈய எழுத்துகளைக் கோர்த்து, அவளே அச்சின் கைப்பிடியை இழுத்து முந்நூறு தாள் அடித்தாள். பேர் போடவில்லை. லண்டன் அதிகாரிகளிடம் அனுமதி வாங்காத பிரசுரத்துக்கு எவன் பேர் போடுவான்? திரும்பி வந்த கிதியோன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். ஆனால் தெருவெல்லாம் அதையே பேசவும், இரண்டு கோப்பை உள்ளே போகவும், எழுதியது தான்தான் என்று சொல்லிவிட்டான். இத்தனைக்கும் அதை அவன் முழுசாகப் படித்ததுகூட இல்லை.

அதில் இருந்தது ஒரே விஷயம். மார்ச் மாதம் தாமசினுக்குப் பிறந்த பெண் குழந்தை ஒரு மணி நேரம் உயிரோடு இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்க மருத்துவச்சிக்கு அனுமதி இல்லை. பாதிரியாரோ மழை விடட்டும் என்றார். மழை விடுவதற்குள் குழந்தை போய்விட்டது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு மணி அடிக்க மாட்டோம், பேர் எழுத மாட்டோம் என்று கோயில் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். அதே பாதிரியார் ஒரு மாதம் கழித்து, பிரசவத் தீட்டுக் கழிய முக்காடு போட்டு வந்து, மண்டியிட்டு நன்றி சொல்லும்படி ஆளனுப்பினார். எதற்கு நன்றி என்றுதான் அவள் கேட்டிருந்தாள்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாமசின் பிரசுரம் முழுவதையும் பார்க்காமல் ஒப்பித்தாள். நடுவிலிருந்த நீதிபதி தாளில் விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தார். ஒரு சொல் பிசகவில்லை.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கான்," என்றார்.

"யாரும் சொல்லிக் குடுக்கல ஐயா. செத்தது என் பிள்ளை. எனக்கு எழுதத் தெரியாதா?"

"கல்யாணம் ஆனவளுக்குத் தனியா சொத்து உண்டா? இல்ல. தனியா வழக்கு உண்டா? அதுவும் இல்ல. புத்தி மட்டும் தனியா எங்கிருந்து வரும்? பொண்டாட்டி செஞ்சது புருஷன் செஞ்ச மாதிரி. அவ்வளவுதான்."

சந்தை முனையில் நிறுத்திக் கிதியோனின் இடது காதை அறுக்க வேண்டும் என்பது தீர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை மனைவி முக்காடு போட்டு வந்து அடக்கமாக நன்றி சொன்னால் காது தப்பும்.

"உன் காலைப் பிடிக்கிறேன் தாமசின்," என்று வீட்டில் அழுதான் கிதியோன். "ஒரு முழத் துணி. அதுக்கு என் காதையா குடுக்கணும்?"

"மதுக்கடையில அந்தக் காதுக்குப் புகழ்ச்சி இனிச்சுதுல்ல?"

"தப்புதான்டி. வாய்க்கொழுப்பு."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது, பரிதாபமாகவும் இருந்தது. தன் காது என்றால் துணிந்து நின்றிருப்பாள். போனால் பிள்ளைக்குத் துரோகம், போகாவிட்டால் இந்த அசட்டு மனுஷனுக்கு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். சனிக்கிழமை வெள்ளைத் துணி ஒன்றைத் துவைத்துக் காயப் போட்டாள்.

மறுநாள் காலை கோயில் நிரம்பி வழிந்தது. தாமசின் முக்காட்டோடு மண்டியிட்டாள், நன்றியும் சொன்னாள். அத்தோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். பாதிரியாருக்கு வெற்றி ருசித்துவிட்டது. சபையைப் பார்த்துக் கூடுதலாக இரண்டு வார்த்தை பேசினார்.

"தாயோட அடங்காமைக்காகத்தான் ஆண்டவர் அந்தப் பேரில்லாத பிண்டத்தை எடுத்துக்கிட்டார்."

தாமசின் எழுந்தாள்.

"பேர் இருக்கு. உர்சுலா." முக்காட்டை இழுத்துக் கீழே போட்டாள். "மழைக்குப் பயந்து நீங்க வரல. அதை எழுதினது நான். இன்னும் எழுதுவேன்."

சேவகத் தலைவன் எழுந்து வந்தான். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். அவன் அவளைத் தாண்டிப் போய்க் கிதியோனின் தோளைப் பிடித்தான்.

"என்னைப் பிடி! பேசினது நானில்லையா? உன் கண்ணால பார்த்தியே!"

"பார்த்தேம்மா. ஓரமா நில்லு."

கிதியோன் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். "அவதான் எழுதினா! ஒவ்வொரு வரியும் அவளோடது! நான் படிக்கக்கூட இல்ல!"

ஊரறிய அவன் இதைச் சொல்லமாட்டானா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள்! சொல்லிவிட்டான். கோயிலே கொல்லென்று சிரித்தது.

"அடத்தூ! பொண்டாட்டி பாவாடைக்குப் பின்னால ஒளியிறியே, ஆம்பளையா நீ?" என்று ஒருவர் காறித் துப்பினார்.

அவனை இழுத்துப் போனார்கள். கத்திக்கொண்டே பின்னால் ஓடிய தாமசினை யாரும் தடுக்கவில்லை, திட்டவில்லை, ஏறெடுத்துப் பார்க்கக்கூட இல்லை. சந்தை முனையில் அவன் தலைக்கு மேல் ஒரு பலகையை ஆணியடித்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் இருந்தது: பிரசுரத்தை எழுதியவன், கிதியோன் ஆர்க்கெல்.