உப்புப் போடாத கப்பல் சம்பல்

எட்டுச்செலவுக்கு என்னென்ன ஆக்குவதென்று மாமி பராசக்தி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் படைத்து அனுப்பிவைக்கிற நாள் அது.

"நண்டுக்கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பிறகு அந்தக் கப்பல் சம்பல். அதை நீதான் பிள்ளை செய்யோணும்."

"என்னாலை ஏலாது மாமி," என்றாள் ஞானாம்பிகை.

வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். பின்னே என்ன? உடம்பை ஆராவது கண்டவையோ? கப்பல் கொம்பனி ஒரு தந்தி அடித்தது, சண்முகநாதன் கடலில் தவறி விழுந்தார், தேடியும் கிடைக்கவில்லை என்று. அந்தத் துண்டுக் காகிதத்தை நம்பித் தர்ப்பைப்புல்லில் அவள் புருஷனைச் செய்து கொள்ளியும் வைத்தாச்சு. அவ்வளவு பெரிய கடலில் வேறொரு கப்பல் தூக்கி ஏற்றியிருக்காதென்று ஆர் கண்டது? "கண்ணிலை ஒரு சொட்டுத் தண்ணி இல்லை, நெஞ்சழுத்தக்காரி," என்று தொண்டைமானாற்றுச் சனம் அவள் காதுபடவே கதைத்தது. கதைக்கட்டும்!

கிணற்றடியில் ஒரு பழைய சட்டி நிறையக் கொத்தமல்லி நின்றது. அதுவும் அவர் விதைத்ததுதான். அந்தக் கப்பல் சம்பலை மெக்சிக்கோப் பக்கத்துத் துறைமுகம் ஒன்றில் பழகிக்கொண்டு வந்து, கல்யாணமான புதிதில் தானே செய்து காட்டினார். தக்காளிப்பழம், வெங்காயம், பச்சைமிளகாய், கொத்தமல்லி இலை எல்லாம் பொடியாக அரிந்து, தேசிக்காய் பிழிந்து, பச்சையாகவே தின்கிறது. அவர் அதைச் சல்சா என்பார். அடுப்பு மூட்டப் பஞ்சிப்படுகிற சோம்பேறியளின்ரை கறி என்பார் மாமி.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். "உப்பை முதலே போட்டிடாதை ஞானம், தண்ணி விட்டிடும். நான் வந்து இருந்தாப்பிறகு போடுவம்." அவர் வந்து இலைக்கு முன்னால் இருப்பார். அவள் உப்பைத் தூவிக் கிளறி, "காணுமோ, பாருங்கோ," என்பாள். ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம்," என்பார். எவ்வளவு போட்டாலும் போதாது, இன்னும் கொஞ்சம்தான். அவளைச் சீண்டத்தான், வேறென்ன!

பம்பாயில் இறங்கி வெள்ளிக்கிழமை வாறன் என்று எழுதியிருந்தார். அந்த வெள்ளிக்கிழமை அவள் எல்லாம் அரிந்து, உப்பில்லாமல் மூடி வைத்திருந்த நேரத்தில்தான் தந்தி வந்தது. இரண்டு நாள் அந்தச் சட்டியைத் தொட ஒருவரையும் விடவில்லை. மூன்றாம் நாள், புளித்துப்போச்சென்று அவருடைய தங்கச்சி மகாதேவி அதை வாழையடியில் கொட்டினாள். "அது அவருக்கு வைச்சதடி!" என்று ஞானாம்பிகை ஊர் கேட்கக் கத்தினாள்.

மாமி பின்னாலேயே கிணற்றடிக்கு வந்தார்.

"பெத்தவள் நான். எனக்கு மட்டும் விருப்பமே பிள்ளை? அவன் எங்கையாவது பசியோடை நிண்டால்?"

பசியோடை என்ற சொல்லை அவளால் தாங்க முடியவில்லை. கொத்தமல்லியைக் கிள்ளிக்கொண்டு போய்க் கத்தியை எடுத்தாள்.

இலை போட்டு எல்லாக் கறியும் வைத்தாயிற்று. மாமி அவள் கையிலிருந்த சட்டியை எட்டிப் பார்த்தார்.

"உப்புப் போட்டனியோ?"

"அவர் வந்து இருந்தாப்பிறகு..." என்று தொடங்கியவள் பேச்சை நிறுத்திவிட்டாள். மகாதேவி உப்புச் சிரட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

ஞானாம்பிகை ஒரு கிள்ளு உப்பை எடுத்துத் தூவிக் கிளறினாள். தக்காளி மெல்லத் தண்ணி விடத் தொடங்கியது. படைக்கிற சாப்பாட்டை ஆரும் வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. அவள் சட்டியை இலைக்கு நேரே நீட்டினாள்.

"காணுமோ, பாருங்கோ."

வீடு நிறையச் சனம் இருந்தது. எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள். அவள் இன்னும் கொஞ்சம் போட்டாள். பிறகும் கொஞ்சம் போட்டாள். சிரட்டைக்குள் மறுபடி கை போனபோது மாமி எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காணும் பிள்ளை, காணும்."

எட்டு நாளாய் வராத அழுகை அப்போதுதான் வந்தது.