கவிழ்த்து வைத்த கிளாஸ்

எங்கள் ஆலையில் பீர் காய்ச்சுவது நான். பீரைப் பற்றிப் பேசுவது என் அண்ணன். இரண்டில் எது கஷ்டமான வேலை என்று அவனைக் கேட்டால், பேசுவதுதான் என்பான். அதுவும் ஒரு விதத்தில் நியாயம்தான். காய்ச்சுகிறவளுக்கு டேங்கை மூடியதும் கொஞ்சம் ஓய்வு உண்டு. அவன் வாய்க்கு அது கிடையாது.

டயர் ஒட்டும் கடையாக இருந்த ஒரு கொட்டகையைப் பிடித்து, இரண்டே இரண்டு சின்ன டேங்குகளோடு தொடங்கினோம். மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி மூட்டை தூக்குவது, தரையைக் கழுவுவது, ஹோஸ் மாட்டுவது, டேங்குக்குள் தலையை விட்டுத் தேய்ப்பது எல்லாம் என் பங்கு. அண்ணன் தன் பங்குக்கு ஒரு தோல் ஏப்ரன் வாங்கினான். வருகிறவர்கள் அதைப் பார்த்து, மனுஷன் எப்படி உழைக்கிறார் என்று வியந்துவிட்டுப் போவார்கள். இன்றுவரை அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை. மழை வந்தால்கூட அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வெளியே போவான்.

ருசி பார்ப்பதற்கு அண்ணன் ஒரு முறை வைத்திருந்தான். ஒரு டேங்க் தயாரானதும் நாங்கள் எல்லோரும் கவுண்டர் முன்னால் வந்து நிற்க வேண்டும். அவன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான், கண்ணை மூடுவான், மூக்கைக் கிளாஸுக்குள் விடுவான், ஒரு வாய் குடிப்பான். அவன் வாயைத் திறக்கும்வரை மற்றவர்கள் திறக்கக் கூடாது. அவன் சரி என்றால் அது பாட்டிலுக்குப் போகும், இன்னும் இல்லை என்றால் டேங்கிலேயே கிடக்கும். காய்ச்சியவள் நான், என்னை ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று ஆரம்பத்திலேயே சண்டை போட்டேன். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. செஞ்சவ நாக்கை நம்பக் கூடாது" என்றான். அதோடு அது சட்டமாகிவிட்டது. நான் நன்றாக இருக்கிறது என்றால் பாசம், நன்றாக இல்லை என்றால் பயம். எப்படிப் போனாலும் என் நாக்குக்கு ஓட்டு இல்லை.

அண்ணி கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலையில் இருந்தவள். வரிசையாக வைத்த கோப்பைகளில் ஒவ்வொரு வாய் உறிஞ்சி, வாளியில் துப்பிவிட்டு, எந்தத் தோட்டத்து இலை, எந்தப் பருவத்தில் பறித்தது என்று சொல்லுவாளாம். ஆலை தொடங்கியபோது அந்த வேலையை விட்டாள். ஒரு வீட்டுக்கு இரண்டு நாக்கு எதற்கு என்று அண்ணன்தான் விடச் சொன்னான். கவுண்டருக்குப் பின்னால் நின்று கிளாஸ் கழுவுவது அவள் வேலை ஆயிற்று. அதற்காக அவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கோபத்தில் இருந்தால் எங்கள் வீட்டில் பாத்திரங்கள் பேசும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு காய்ச்சல் வந்து போனது. எல்லோரும் எழுந்து நடமாடினோம், அண்ணனும் எழுந்து பேசினான். எனக்கு உண்மை தெரிந்தது அதற்கு ரொம்பப் பிறகு. ஒருநாள் மால்ட் அரைக்கிற மிஷினில் பெல்ட் சிக்கிக் கருகிப்போனது. ரப்பர் நாற்றம் தெருமுனைவரை போயிருக்கிறது, பக்கத்துக் கடைக்காரர் கதவைத் தட்டுகிறார். மிஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அண்ணன், புது லேபிளில் அச்சடிக்க வேண்டிய வாசகத்தை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "மழை விட்ட காட்டின் மணம்" என்கிறான். நான் இருமிக்கொண்டே ஓடி சுவிட்சை அணைத்தேன். என்ன அவசரம், இப்படி ஓடுகிறாய் என்று என்னைக் கேட்டான்.

நேராக அண்ணியிடம் போனேன். அவள் கழுவும் தொட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். "தெரிஞ்சிடுச்சா? சரி, தெரிஞ்சதோட வச்சுக்க. அந்த மனுஷனுக்கு மூக்கைத் தவிர வேற பெருமை என்ன இருக்கு?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சலோடு போன வாசனை அவனுக்குத் திரும்பி வரவே இல்லை. பீரும் தண்ணீரும் அவனுக்கு ஒன்றுதான், பீர் கொஞ்சம் கசக்கும், அவ்வளவே. ருசி பார்க்கும் நாளில் அண்ணி காலையிலேயே டேங்கிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்துத் துப்பிவிடுவாள். அப்புறம் எல்லோரும் கூடி நிற்கும்போது, கிளாஸ் துடைக்கிற சாக்கில் அண்ணன் பார்வை படுகிற இடத்தில் நிற்பாள். துடைத்த கிளாஸை நிமிர்த்தி வைத்தால் பீர் சரி, கவிழ்த்து வைத்தால் சரியில்லை. கண்ணை மூடி அனுபவிக்கிறானே என்று நாங்கள் நினைத்தோம். அந்தக் கண் முழுக்க மூடியதே இல்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், அந்த மூன்று வருஷத்தில்தான் எங்கள் பீர் பெயர் எடுத்தது. மூக்கு இருந்த காலத்தில் அவன் சரி என்று அனுப்பிய சில பீரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசும். முடிவு சரியான நாக்கிலிருந்துதானே வருகிறது, யார் வாய் சொன்னால் என்ன என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

பெயர் வந்ததும் அண்ணனுக்குக் கொட்டகை பத்தவில்லை. கூரைத் தகட்டைக் கழற்றி இறக்க வேண்டிய அளவுக்கு ஒரு பெரிய டேங்க் வாங்கினான். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் அண்ணா என்றேன். வளரத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிக்கொண்டேன். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடையின் கொள்முதல் அதிகாரி வந்து ருசி பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் பெரிய டேங்கில் இருப்பது மொத்தமும் எல்லாக் கிளைகளுக்கும் போகும். அது கெட்ட பீராக இருந்தால், இத்தனை வருஷம் நான் தேய்த்துத் தேய்த்துக் காப்பாற்றிய பெயர் ஒரே வாரத்தில் எல்லா ஊரிலும் நாறும். அடுத்த வாரம் கொட்டகை திரும்ப டயர் ஒட்டும் கடையாகத்தான் போக வேண்டும்.

அதிகாரி தேதியை முன்னுக்குத் தள்ளினார். இன்னும் சில நாள் டேங்க் வெதுவெதுப்பிலேயே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். பீர் புளிக்கும்போது ஈஸ்ட் ஒரு வெண்ணெய் வாசனையை உண்டாக்கும். நேரம் கொடுத்தால் அதுவே அதைத் தின்று சுத்தமாக்கிவிடும், நேரம் கொடுக்காமல் குளிர வைத்தால் அது தூங்கிவிடும், வெண்ணெய் அப்படியே நிற்கும். அண்ணன் ஏப்ரன் நாடாவை இறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டான். நான் தொட்டியைக் கழுவப் போன நேரத்தில் அவனே போய்க் குளிர் பட்டனை அழுத்திவிட்டான். டேங்கில் அவன் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

இதற்கு நடுவில் ஒரு பத்திரிகைக்காரப் பெண் பேட்டிக்கு வந்தாள். உங்கள் மனைவியும் ருசி பார்ப்பாரா என்று கேட்டிருக்கிறாள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று சொல்லியிருக்கிறான். சொன்னதை அவள் அப்படியே போட்டுவிட்டாள், அதையே பெரிய எழுத்தில் தலைப்பாக. கட்டுரை முழுக்க அவன் படம்தான். அண்ணன் ஆனந்தத்தில் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, கிளாஸ் அடுக்கும் தட்டுக்கு நேர் மேலே, அண்ணி நிமிர்ந்தால் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினான். ஆணி அடிக்கும்போது கோணலாக இருக்கிறதா என்று அவளையே கேட்டான். நேராக இருக்கிறது என்றாள். அன்றைக்கு வீட்டில் பாத்திரச் சத்தமே இல்லை. நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அதிகாரி வருகிற நாள் காலையில் டேங்கிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து முகர்ந்தேன். அடுப்பில் உருகுகிற வெண்ணெய். அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவன் கிளாஸை வாங்கி மூக்கை விட்டு, கண்ணை மூடி, காக்கைக் குஞ்சைப் பற்றித் திரும்பவும் சொன்னான். சரி, தலைபாடாக அடித்துக்கொள்ள வேண்டாம், அண்ணி இருக்கிறாள் என்று சமாதானப்பட்டேன். அவளும் என் கண் முன்னால்தான் ஒரு வாய் எடுத்து, முகத்தைச் சுளித்துத் துப்பினாள். அவள் கிளாஸைக் கவிழ்த்து வைப்பாள், அண்ணன் கையை உயர்த்தி, "இன்னும் இல்லை, எங்களுக்கு அவசரம் கிடையாது" என்று ஒரு பிரசங்கம் செய்வான், அதிகாரி அதிலேயே மயங்கி இன்னொரு நாள் வருவார். அதுதான் என் கணக்கு.

அதிகாரி இரண்டு உதவியாளர்களோடு வந்தார். அண்ணன் கிளாஸைத் தூக்கினான், வெளிச்சத்தில் பார்த்தான், கண்ணை மூடினான், மூக்கை விட்டான். இமை இடுக்கு வழியாகப் பார்வை தட்டுக்குப் போனது. நானும் பார்த்தேன். அண்ணி தட்டு முழுக்கக் கிளாஸ்களை அடுக்கி வைத்திருந்தாள். ஒன்று நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து, ஒன்று நிமிர்ந்து, ஒன்று கவிழ்ந்து, கடைசிவரை. துணியை உதறி ஆணியில் மாட்டினாள். கவுண்டரைச் சுற்றி வந்து அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணன் மூக்கு கிளாஸுக்குள்ளேயே வெகுநேரம் இருந்தது. அதிகாரி அதைத் தியானம் என்று நினைத்து மூச்சுக்கூட மெதுவாக விட்டார். கடைசியில் அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, துணிந்து இறங்கினான். முதலில் மழை விட்ட காடு என்றான். அப்புறம் வறுத்த தானியம். முடிவில், நாள்பட்ட ஒரு மர அலமாரியைத் திறந்தது போல ஏதோ ஒன்று. அதிகாரி முகர்ந்தார், நெற்றியைச் சுருக்கினார், அண்ணன் முகத்தைப் பார்த்தார், நெற்றியை நேராக்கினார். அலமாரி நன்றாகவே வருகிறது என்றார். உதவியாளர்களில் ஒருவருக்குத் தேக்கு அலமாரியே வந்துவிட்டது. இன்னொருவர் இழுப்பறைவரை போனார். அதிகாரி பேனாவை எடுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது வெண்ணெய் நாத்தம் சார். அவசரத்துல குளிர வச்ச பீர். இதை அனுப்பக் கூடாது" என்றேன். அண்ணன் சிரித்தான். செய்தவளுக்கு எப்போதும் பயம் சார், காக்கைக்கும் என்று தொடங்கினான். அதிகாரியும் சிரித்தார். நான் அண்ணி பக்கம் திரும்பி, நீங்களாவது சொல்லுங்கள் என்றேன்.

"நான் என்னத்தைச் சொல்ல?" என்றாள் அண்ணி. சட்டம் போட்ட கட்டுரையைக் காட்டினாள். "கழுதைக்கு என்ன தெரியும்னு அங்க பெரிய எழுத்துல போட்டிருக்காங்களே."

அதிகாரி கட்டுரையை நிமிர்ந்து பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், பேனா மூடியைத் திரும்பப் போட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். எனக்கு அவன் மேல் அத்தனை ஆத்திரம் இருந்தும் அந்த நிமிஷம் பாவமாக இருந்தது, அவன் என் அண்ணன்தானே. நன்றாக இருக்கிறது என்று அவன் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார். அண்ணன் கிளாஸை மெதுவாக நீட்டினான். நெற்றியில் வேர்வை நின்றது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டான், அவளை.

பீரைப் பற்றி அவன் வாய்விட்டு அவளைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை. அண்ணி வாங்கி முகர்ந்தாள். சுரீரென்று ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள், அந்தச் சத்தத்தில் உதவியாளர் ஒருவர் பின்னால் நகர்ந்தார். வாளியை இழுத்துத் துப்பினாள். "வெண்ணெய். டேங்கைச் சூடாக்கி, புது ஈஸ்ட் கொஞ்சம் விட்டு, பத்து நாள் பொறுத்தா சரியாயிடும். பீரு நல்ல பீருதான். இவ நல்லாத்தான் காய்ச்சியிருக்கா" என்றாள்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, தனக்கும் முதலிலேயே வெண்ணெய் வந்ததாகவும் மரியாதைக்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னார். உதவியாளர்களுக்கும் வெண்ணெய்தான் வந்ததாம். அலமாரியை யாரும் திரும்பத் திறக்கவில்லை. பத்து நாள் கழித்து வருவதாகவும், இந்த அம்மா சரி என்று சொன்ன பிறகே பேனாவை எடுப்பதாகவும் அதிகாரி சொன்னார். நான் ஓடிப்போய்க் குளிர் பட்டனை அணைத்துவிட்டு வந்தேன்.

வந்தபோது அதிகாரி அண்ணியிடம், இவ்வளவு துல்லியமான நாக்கு எப்படி அமைந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்துவிட்டான்.

"எல்லாம் நான் பழக்கி விட்டதுதான் சார்."

அண்ணி எழுந்தாள். அவன் கிளாஸில் மிச்சமிருந்ததை வாளியில் கொட்டினாள், கவுண்டருக்குப் பின்னால் போய்க் கழுவினாள், ஆணியிலிருந்து துணியை எடுத்து நிதானமாகத் துடைத்தாள். கொண்டுவந்து, அவன் முகத்துக்கு நேராகக் கவிழ்த்து வைத்தாள்.

எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று அதிகாரி உதவியாளர்களிடம் சொன்னார். அண்ணன் வாயை மூடிக்கொண்டான்.