ரப்பர் தாங்கிக்கும்

மாப்பிள்ளை வேலைக்கு வந்த நாளிலிருந்து பட்டறையில் ஒரே பாட்டுதான்: "ரப்பர் தாங்கிக்கும்."

முதலாளி மகளைக் கட்டியவர். அவரைக் கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்? கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் மெஷின்கள் செய்கிற பட்டறை அது. மோட்டார் ஷாஃப்டையும் மெஷின் ஷாஃப்டையும் இணைப்பது ஒரு சின்ன கப்ளிங். இரு பக்கமும் உலோகம், நடுவில் ரப்பர். அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். ஷாஃப்டுகள் மயிரளவு விலகியிருந்தாலும் பொறுத்துப்போகும். அதற்காகக் கோணல்மாணலாக மாட்டிவிட்டு, பாரத்தையெல்லாம் ரப்பர் தலையில் கட்டலாமா? மாப்பிள்ளை கட்டினார். நோகாமல் நோன்பு கும்பிடுகிற ஆள்.

முதலாளியின் தங்கையைப் பட்டறையே அத்தை என்றுதான் கூப்பிடும். தினமும் முதல் ஆளாக வந்து, மாப்பிள்ளை மாட்டியதைத் தளர்த்தி, மோட்டாருக்கு அடியில் மெல்லிய தகடு செருகி, விலகலை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்து நேராக்கி முடுக்கிவிடுவாள். யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தான் தூக்கி வளர்த்த பெண்ணின் புருஷன் நாலு பேர் முன்னால் தலைகுனியக் கூடாதே!

போன வாரம் அண்ணன் மாப்பிள்ளையை மெஷின் பூட்டும் அசெம்பிளிப் பிரிவுக்குத் தலைவராக்கினார். அந்த இடம் தனக்குத்தான் என்று இருந்தவள் அவள். பட்டறை ஒற்றை அறையாக இருந்தபோதே மாடாய் உழைத்தவள். "மாப்பிள்ளை வேலைல ஒரு குறை சொல்ல முடியாது" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் புகழ்ந்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது.

இன்று மெஷின் வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். காலையில் அவள் எதையும் தொடவில்லை. குட்டு வெளிப்படட்டும் என்று சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வெளிப்பட்டது. மெஷின் ஓடத் தொடங்கியதுமே நடுங்கியது. வந்தவர்களில் ஒருவர் அதில் தேய்த்த லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேலெல்லாம் அலை அலையாய்க் கோடு. கீழே வைத்தார். அவர்களை டீ குடிக்க மாப்பிள்ளையோடு மாடிக்கு அனுப்பிவிட்டு, அண்ணன் நேரே தங்கையிடம் வந்தார்.

"ஏன் இன்னைக்குப் பாக்கல?"

"எத?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காத. தினம் காலைல நீ சரி பண்றியே, அததான்."

அவள் எழுந்துவிட்டாள். "உனக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியாம என்ன? நீ பின்னாடி இருக்கேங்கற தைரியத்துலதான அவரத் தலைவரா போட்டேன்! வீட்டு மாப்பிள்ளைக்கு ஒரு மரியாதை வேணாமா? உனக்கெதுக்கும்மா அந்த நாற்காலி?"

அண்ணனுக்குத் தெரியாது, தெரிந்தால் நியாயம் செய்வார் என்பதுதான் இத்தனை நாளும் அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல். அதுவும் போயிற்று.

டயல் கேஜை எடுத்து அவர் கையில் திணித்தாள். "நீயே பாத்துக்க. இல்ல, தலைவர வந்து பாக்கச் சொல்லு."

விறுவிறுவென்று வெளியே வந்தவளுக்கு வாசலில் கால் தயங்கியது. அண்ணன் எங்கே போய்விடப் போகிறார்? மாடியில் இருப்பவர்கள் இறங்கி வருவதற்குள் கையைப் பிசைந்துகொண்டு ஓடிவருவார். கெஞ்சட்டும். செருப்பை மாட்டிக்கொண்டு காத்து நின்றாள்.

உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு பிசிறு இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. அண்ணனே சரி செய்துவிட்டார். அவருக்கு வேலை மறக்கவில்லை. செய்வதற்கு ஒருத்தி இருந்ததால் இத்தனை நாளும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள், மாப்பிள்ளை முன்னால் நடந்தார். வாசல் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.